தோலால் உப்பெடுக்கும் உயிர்கள்: நக்கிள்ஸ் தவளைகளும் மாத்தளைத் தண்ணீரும்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. உட்கார்ந்து குடிக்கிறது. அதன் அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் உள்ள தோல் மற்ற இடங்களைவிட மெல்லியது. இரத்தக் குழாய்கள் அங்கே நெருக்கமாக ஓடுகின்றன. ஈரமான நிலத்தில் அந்தப் பகுதியை அழுத்தி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். குடத்தடியிலோ குளியலறை மூலையிலோ பீலிக்கரைச் சிமெந்திலோ தேரை ஒன்று கால்களை அகட்டி அசையாமல் கிடப்பதைப் பார்த்தவர்கள் அதைச் சோம்பேறி என்று நினைத்திருப்பார்கள். அது தாகம் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் விடயம் பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். அதே தோலால் தவளை உப்பையும் எடுக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. சோடியம், குளோரைட், கல்சியம் போன்ற கனியுப்புகளைத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து அது பொறுக்கி எடுக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது தவளைத் தோலைப் பற்றி நாங்கள் எழுதிய விடை ஒன்றே ஒன்றுதான்: ‘ஈரலிப்பான தோல், சுவாசத்திற்கு உதவும்.’ அதற்குப் புள்ளியும் கிடைத்தது. உப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஆனால் மாத்தளை மாவட்டத்தின் ஓடைகளில் இன்று நடப்பதை விளங்கிக்கொள்ள அந்த உப்புக் கதைதான் அவசியம். அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பது தவளைகள் மட்டுமல்ல.

நான் வளர்ந்தது இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கிருந்து மேலே ஏறினால் ரிவர்ஸ்டன், அதைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை, இலுக்கும்புர, பிறகு லக்கல. இந்த வீதி நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபகுதியைக் குறுக்கறுத்துப் போகிறது. மலைத்தொடரை மாத்தளையும் கண்டியும் பங்குபோட்டுக்கொண்டுள்ளன. இது 2000ஆம் ஆண்டு பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது அதன் மூன்று பகுதிகளில் ஒன்றாக நக்கிள்ஸும் சேர்ந்தது. வார இறுதிகளில் இந்த வீதியில் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாகப் போகின்றன. காற்று, மூடுபனி, புல்வெளி, செல்பி. அத்தனை பேரின் காலடியிலும், கல்லிடுக்கில் தகடுபோல ஒட்டிக்கொண்டு, உலகில் வேறெங்குமே இல்லாத தவளை ஒன்று இருக்கிறது.

அதன் விஞ்ஞானப் பெயர் நனோப்பிரிஸ் மாமொராட்டா. பளிங்குக் கோலம் போட்ட உடல் கொண்டதால் அந்தப் பெயர். 1946ஆம் ஆண்டு விலங்கியலாளர் கீர்த்திசிங்க இதை விபரித்தார். இலங்கையின் ஈரூடகவாழிகள் பற்றிய அவருடைய நூல் 1957இல் வெளிவந்தது. நனோப்பிரிஸ் என்ற பேரினமே இலங்கைக்கு மட்டும் உரியது. அதன் நான்கு இனங்களில் ஒன்று ஏற்கெனவே அழிந்துவிட்டது. நக்கிள்ஸில் வாழும் இந்த இனத்தின் உடல் தட்டையானது, பாறை வெடிப்புக்குள் நுழைவதற்கென்றே அமைந்தது போல. இதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. கல்லின் மேல் கடதாசி அளவு கனத்தில் வழியும் நீர்ப்படலத்தில் ஊர்கின்றன. அந்த நீர்ப்படலம்தான் அவற்றின் முழு உலகம். அதில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவே அவற்றின் உடலைத் தொடுகிறது.

சப்பென்ற தண்ணீரில் உப்பு எங்கே?

தவளையின் இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிமூல் சோடியம் இருக்கும். மனித இரத்தத்தில் ஏறத்தாழ 140. மலையோடைத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமூலுக்கும் மிகக் குறைவு. அதாவது தவளையின் உடல் அது குந்தியிருக்கும் தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் உப்பானது. இரண்டையும் பிரிப்பது மெல்லிய தோல் மட்டுமே.

இதனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, பிரசாரணத்தால் தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதை வெளியேற்ற, நீரில் இருக்கும் தவளை ஒவ்வொரு நாளும் தன் உடல் எடையோடு ஒப்பிடும்போது மிகப் பெரிய அளவில் நீர்த்த சிறுநீரைக் கழிக்கிறது. மற்றது, அந்தச் சிறுநீரோடும் தோலினூடாகவும் உப்பு கசிந்துகொண்டே இருக்கும். இரை கிடைக்கும் காலத்தில் பூச்சி, புழு, ஈசல்களின் உடலிலிருந்து உப்பு கிடைக்கும். இரை கிடைக்காத நாட்களில்? உப்பு ஓட்டைப் பாத்திரத்திலிருந்து ஒழுகுவது போலப் போய்க்கொண்டே இருந்தால் சில நாட்களில் இதயம் நின்றுவிடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓகஸ்ட் குரோக் இந்தக் கேள்வியோடு வேலையைத் தொடங்கினார். மயிர்த்துளைக் குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக 1920இலேயே நோபல் பரிசு பெற்றவர். 1930களில் தவளைகளை நாட்கணக்கில் காய்ச்சி வடித்த தண்ணீரில் வைத்து அவற்றின் உப்பைக் குறைத்தார். பிறகு மிக மிக ஐதான உப்புக் கரைசலில் விட்டார். கரைசலில் இருந்த கொஞ்ச நஞ்ச உப்பும் குறைந்துகொண்டே போனது. லீற்றர் ஒன்றில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான கறியுப்பு இருந்தாலும் தவளையின் தோல் அதைப் பிடித்து உள்ளே எடுத்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை நாம் நாக்கில் வைத்தால் சப்பென்றுதான் இருக்கும். 1937இல் குரோக் இதை வெளியிட்டார்.

இதில் ஆச்சரியப்பட வேண்டிய விடயம் ஒன்று உண்டு. உப்பு தானாகப் பரவுவதென்றால் அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவது போல. அப்படி ஏற வேண்டுமென்றால் எங்கோ ஒரு பம்பி வேலை செய்ய வேண்டும், அதற்கு யாரோ எரிபொருள் கொடுக்க வேண்டும்.

குரோக்கிடம் உதவியாளராக இருந்த ஹான்ஸ் உசிங் அந்தப் பம்பியைத் தேடினார். அவர் செய்த கருவி பார்ப்பதற்கு மிக எளிமையானது. இரண்டு அரைக் கிண்ணங்களுக்கு நடுவில் தவளையின் தோலை இழுத்துப் பொருத்தி, இரு பக்கமும் ஒரே மாதிரி உப்புக் கரைசலை ஊற்றுவது. உடலிலிருந்து பிரித்த பிறகும் அந்தத் தோல் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். இரு பக்கமும் ஒரே கரைசல்தான், இருந்தாலும் உட்பக்கம் நேராகவும் வெளிப்பக்கம் மறையாகவும் மின்னழுத்தம் தோன்றுகிறது. வெளியிலிருந்து சிறிது மின்னோட்டம் கொடுத்து அந்த அழுத்தத்தைப் பூச்சியமாக்கினார் உசிங். அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டத்தையும், கதிர்த்தொழிற்பாடுள்ள சோடியத்தைக் கொண்டு அளந்த சோடியப் பாய்ச்சலையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. அந்த மின்சாரமே சோடியம் உள்ளே போவதால் உண்டாவதுதான். 1951இல் செராஹ்னுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். 1958இல் வல்போர்க் கோஃபோட்-யோன்சன் என்ற பெண் விஞ்ஞானியும் உசிங்கும் சேர்ந்து, தோலின் கலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகங்கள் உண்டு, அவை இரண்டு வேறு வேலைகள் செய்கின்றன என்று விளக்கினார்கள். இன்றுவரை பாடநூல்கள் பின்பற்றுவது அந்த விளக்கத்தைத்தான்.

அதை நமது பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். மாத்தளையிலிருந்து இறத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் முன்கதவால் ஆட்கள் ஏறுகிறார்கள், பின்கதவால் இறங்குகிறார்கள். பின்கதவில் கெட்டிக்கார நடத்துனர் ஒருவர் நின்று உள்ளே இருப்பவர்களை ஓயாமல் இறக்கிக்கொண்டே இருந்தால் பஸ்ஸுக்குள் எப்போதும் இடம் இருக்கும். தரிப்பிடத்தில் ஒரே ஒருவர் நின்றாலும் அவர் முன்கதவால் சுலபமாக ஏறிவிடுவார். தோல் கலத்தின் வெளிமுகத்தில் இருப்பது முன்கதவு, அதாவது சோடியம் மட்டும் நுழையக்கூடிய கால்வாய்கள். இரத்தத்தைப் பார்த்த உள்முகத்தில் இருப்பது நடத்துனர், அதாவது சோடியம்-பொற்றாசியம் பம்பி. மூன்று சோடியம் அயன்களை இரத்தப் பக்கம் தள்ளினால் இரண்டு பொற்றாசியம் அயன்களைக் கலத்துக்குள் எடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.ரீ.பி. மூலக்கூறு செலவாகும். கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவும், கலத்தின் உட்புறம் மறை மின்னேற்றத்துடனும் இருப்பதால், மிக ஐதான தண்ணீரிலிருந்தும் சோடியம் உள்ளே இழுபடுகிறது. குளோரைட்டுக்கு வேறு வழி. இழைமணிகள் நிறைந்த தனிவகைக் கலங்கள் தோலில் ஆங்காங்கே இருந்து அந்த வேலையைச் செய்கின்றன.

பம்பியை அடையாளம் கண்டவர் இன்னொரு டென்மார்க்காரர், யென்ஸ் ஸ்கௌ. 1957இல் நண்டின் நரம்பில் அதைக் கண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. உசிங்குக்கு நோபல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தவளைக்கு மட்டுமான பொறிமுறை இல்லை இது. அதே கால்வாயும் அதே பம்பியும் நமது சிறுநீரகத்தில் இருக்கின்றன. உப்பைச் சேமிக்கச் சொல்லி அங்கே கட்டளை கொடுக்கும் அல்டொஸ்டெரோன் ஓமோன் தவளைத் தோலிலும் அதையே சொல்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அமிலோரைட், தவளைத் தோலில் போட்டால் சோடியக் கால்வாயை அடைத்துவிடும். உசிங்கின் கிண்ணத்தில் பிறகு குடற்சவ்வை வைத்தும் ஆராய்ந்தார்கள். சோடியமும் குளுக்கோசும் கைகோர்த்துக் குடலுக்குள் நுழைகின்றன என்ற அறிவிலிருந்துதான் வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ‘ஜீவனி’யின் தத்துவம் விளங்குகிறது. ஜீவனிப் பைக்கற்றில் உப்போடு ஏன் சீனியும் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு விடை அதுதான்.

சுண்ணாம்புப் பையும் சட்டை கழற்றலும்

சோடியத்தைப் பற்றி ஆராய்ந்த அளவுக்குக் கல்சியத்தைப் பற்றி ஆராயவில்லை. ஆனாலும் தவளைகள் தோலினூடாகத் தண்ணீரிலிருந்து கல்சியம் எடுக்கின்றன என்பது நிறுவப்பட்ட விடயம். எடுத்ததைச் சேமிக்க இடமும் உண்டு. தவளைகளின் உட்காதிலிருந்து கிளம்பி முள்ளந்தண்டின் ஓரமாகச் செல்லும் பைகளில் கல்சியம் காபனேற்று வெள்ளையாகப் படிந்திருக்கும். வாற்பேத்தை கால் முளைத்துத் தவளையாகும்போது எலும்பு இறுகுவதற்கு இந்தச் சேமிப்பு கைகொடுக்கிறது.

இங்கே மாத்தளையின் மண்ணும் உள்ளே வருகிறது. நமது மாவட்டத்தில் பளிங்குச் சுண்ணக்கல்லும் டொலமைற்றும் பல இடங்களில் நிலத்துக்கு அடியில் கிடக்கின்றன. கவ்வாத்து வெட்டிய மலைகளில் வெள்ளைத் தூளாக வீசும் அதே டொலமைற்றுதான். அந்தப் பாறைகளைத் தொட்டு வரும் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். தாழ்நிலத்துக் கிணறுகளில் சவர்க்காரம் நுரைக்காததும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் அதனால்தான். மாறாக, உயரத்தில் படிகப்பாறையின் மேல் மழைநீர் சறுக்கி வரும் ஓடைகளில் கரைவதற்கு நேரமும் இல்லை, கரையக்கூடிய கல்லும் இல்லை. நக்கிள்ஸ் தவளைகளில் பல வாழ்வது இந்த உப்பு வறுமையில்தான். தண்ணீரில் கல்சியம் இருந்தால் தோலின் கலங்களுக்கு இடையிலான இணைப்புகள் இறுக்கமாக இருக்கும், சோடியக் கசிவு குறையும். கல்சியம் இல்லாத தண்ணீர் அமிலமானால் இரட்டை அடி: பம்பியும் மந்தமாகும், கசிவும் கூடும். அமில மழை பெய்த ஐரோப்பிய, வட அமெரிக்கக் குளங்களில் வாற்பேத்தைகள் மடிந்தது இப்படித்தான்.

வாற்பேத்தையைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இளம் வாற்பேத்தையின் தோல் உப்பெடுப்பதில்லை. அந்த வேலையைப் பூக்கள் பார்க்கின்றன. கால் முளைத்து வால் சுருங்கும் கட்டத்தில்தான் தோலில் சோடியக் கால்வாய்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. பூவை இழந்து தோலை நம்பும் அந்த இடைக்காலம் மிக ஆபத்தானது.

வளர்ந்த தவளைக்கும் அப்படி ஒரு பலவீனமான நேரம் உண்டு. தவளை அடிக்கடி மேற்றோலைக் கழற்றும். கழற்றிய தோலை வாயால் இழுத்து விழுங்கியும் விடும். போட்ட சட்டையைத் தின்னும் சிக்கனம். தோல் மாறும் அந்த நேரத்தில் உப்பின் போக்குவரத்து குழம்பும், கசிவும் கூடும்.

புதர்த்தவளைகள் இன்னொரு வகை. சூடோபிலோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இவைதான் இலங்கையின் தவளைக் குடும்பத்தில் மிகப் பெரிய கூட்டம். முட்டையிலிருந்து நேராகச் சின்னத் தவளை வெளியே வரும், நீந்தும் வாற்பேத்தைப் பருவமே இல்லை. 2002ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இலங்கையைத் தவளைகளின் களஞ்சியம் என்று உலகுக்குக் காட்டியது. 2005இல் விபரிக்கப்பட்ட புதிய இனங்களில் பல நக்கிள்ஸுக்கு மட்டும் உரியவை. இவை ஓடைக்குப் போவதே குறைவு. இலைச்சருகின் ஈரமும் மூடுபனியின் துளிகளும்தான் இவற்றின் தண்ணீர், அவற்றில் கரைந்திருப்பதுதான் தண்ணீர்வழி உப்பு. ஏலக்காய் பயிரிடுவதற்காகக் காட்டின் கீழ்மட்டத்தை வெட்டித் துப்புரவாக்கியபோது மேலே பெரிய மரங்கள் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடு காடாகவே தெரிந்தது. ஆனால் சருகு காய்ந்தது. புதர்த்தவளைக்கு அதுவே வறட்சி. ஏலக்காய் உலர்த்த வெட்டிய விறகு வேறு.

கதவு யாரையும் கேட்பதில்லை

உப்பை உள்ளே விடும் தோல் வேறு எதையெல்லாம் உள்ளே விடும்? சோடியக் கால்வாய் தெரிவுசெய்து விடும். ஆனால் தோல் முழுவதும் அப்படியல்ல. நமது தோலின் மேல் கெரற்றின் நிறைந்த இறந்த கலங்கள் பல அடுக்குகளாக இருக்கின்றன. தவளையிடம் இருப்பது ஓரிரு அடுக்கு. பன்றித் தோலையும் தவளைத் தோலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், விவசாய இரசாயனங்கள் தவளைத் தோலினூடாகப் பத்து மடங்குகளில் அதிகமாகப் புகுந்தன. பன்றித் தோலை எடுத்ததற்குக் காரணம் அது மனிதத் தோலை ஒத்திருப்பது.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்களுக்கு மிக நெருக்கமானது. வீட்டுச் சுவர்களிலும் வாளி விளிம்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, முதுகில் மணற்கடிகாரம் போன்ற கோலத்துடன் ஒரு மரத்தவளை, அதன் வாற்பேத்தைகளை எடுத்துக்கொண்டார்கள். குளோர்பைரிபொஸ், டைமெதோயேற்று, கிளைபோசேற்று, புரொப்பனில் என்ற நான்கு பீடைகொல்லி, களைகொல்லிகளுக்கு அவற்றை உட்படுத்தினார்கள். அவை நமது வயல்களிலும் தோட்டங்களிலும் புழங்கியவைதான். வாற்பேத்தைகள் இறந்தன, தப்பியவற்றின் வளர்ச்சி பின்தங்கியது, உடற்குறைபாடுகளும் தோன்றின. கொழும்புக்கு அருகே பெல்லன்வில-அத்திட்டிய சதுப்பு நிலத்தின் பச்சைத் தவளைகளைப் பார்த்த வேறு ஆய்வுகள் அவற்றின் உடலில் கட்மியம், ஈயம், செம்பு போன்ற பார உலோகங்கள் ஏற்படுத்திய பாதிப்புகளைப் பதிவு செய்துள்ளன.

களைகொல்லியைப் பற்றி ஒரு விடயம் இங்கே பேசப்படுவதே இல்லை. கிளைபோசேற்றைவிட அதை இலையில் ஒட்ட வைப்பதற்காகச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள்தான் பல தயாரிப்புகளில் வாற்பேத்தைகளுக்கு அதிக நஞ்சு. போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைத் தடைசெய்வதா வேண்டாமா என்று 2015இலிருந்து சண்டை பிடித்தோம், தடைபோட்டோம், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்குக் கொடுத்தோம். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில்கூட இல்லாத பொருளைப் பற்றி எவரும் கேட்கவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் விலக்கப்பட்ட கூத்திலும் இதே நிலைதான். தம்புள்ளை, கலேவெல பக்க மரக்கறிச் செய்கையாளர் நட்டப்பட்டார், தேயிலைக் கொழுந்து குறைந்தது. மருந்து டாங்கியை எங்கே கழுவ வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டாங்கியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மருந்தடித்து முடிந்ததும் முதுகு டாங்கியை அலச மிக வசதியான இடம் ஓடை. நான் வளர்ந்த தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. இன்றும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அலசும் அந்தச் சில நிமிடங்களில் ஓடையில் கலக்கும் மருந்தின் செறிவு மலையில் தெளித்ததைவிட அந்த இடத்துக்கு ஆபத்தானது. அதே ஓடைக்குக் கீழே பீலி, பீலியில் குடம். மருந்தடிக்கும் தொழிலாளியின் தோலுக்கும் இது பொருந்தும். நமது தோல் தவளையின் தோலைப் போல் திறந்த கதவு அல்ல, பூட்டிய கதவும் அல்ல. குளோர்பைரிபொஸ், டைமெதோயேற்று போன்றவை மனிதத் தோலினூடாகவும் உட்செல்லும். கையுறையும் மேலங்கியும் இல்லாமல் மருந்தடிக்கச் சொல்வது தொழிலாளியின் உடலைத் தவளையின் உடலாகக் கணக்கெடுப்பதுதான்.

பசளையும் தப்பவில்லை. அமோனியம் நைத்திரேற்றுக் குருணிகள் தூவிய நிலத்தைக் கடக்கும் தவளைகளுக்கு அவை நச்சாவதை இங்கிலாந்தில் 1990களிலேயே காட்டினார்கள். ஈரமான வயிற்றில் குருணி ஒட்டிக் கரைந்தால், உப்பை வாங்கும் அதே தோல் அதையும் வாங்கும். குளிர்நாடுகளில் வேறு கதை. ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்கள் பனிக்காலத்தில் வீதியெங்கும் உப்புக் கொட்டுவதைப் பார்த்திருப்பார்கள். பனி உருகியதும் அந்த உப்பு வீதியோரக் குட்டைகளுக்குப் போகிறது. வசந்தத்தில் அங்கே முட்டையிடும் தவளைகளும் சலமந்தர்களும் அதனால் பாதிக்கப்படுகின்றன. குறைந்த உப்பில் வாழப் பழகிய உடலுக்குக் கூடிய உப்பும் ஆகாது.

இந்தப் பம்பி நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதை உலகம் மிகக் கொடூரமான முறையில் அறிந்துகொண்டது. கைற்றிரிட் என்ற பங்கசு தவளைகளின் தோலில் தொற்றுகிறது. 1990களின் இறுதியில்தான் அது அடையாளம் காணப்பட்டது. தோலில் மட்டும் தங்கும் பங்கசு எப்படிக் கொல்கிறது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. 2009இல் ஆஸ்திரேலிய மரத்தவளைகளில் நடந்த ஆய்வு விடை சொன்னது. தொற்றிய தோலில் உப்புக் கடத்தல் பாதிக்கு மேல் வீழ்ந்திருந்தது. இரத்தத்தில் சோடியம் ஏறத்தாழ 20 வீதமும் பொற்றாசியம் ஏறத்தாழ 50 வீதமும் குறைந்தன. இறுதியில் இதயம் நின்றது. 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி குறைந்தது 501 இனங்கள் இந்த நோயால் அருகியுள்ளன, அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. உப்புக் கணக்கு பிழைத்ததால் இத்தனை இனங்கள் போயின. பங்கசு ஈரமான சேற்றோடு இடம் மாறக்கூடியது. ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகுமுன் சப்பாத்தைக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று வனங்களில் வேலை செய்வோர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அழிவு இலங்கைக்குப் புதிய சொல் அல்ல. உலகில் அழிந்ததாகப் பதிவான தவளை இனங்களில் ஏறத்தாழப் பாதி நம் சிறு தீவுக்குரியவை. அவற்றிற் பலவற்றைப் பழைய அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே பார்க்கலாம். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டப்பட்டபோது போனவையாக அவை இருக்க வேண்டும். அந்தக் காட்டை வெட்டும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் முன்னோர். இலாபம் வேறு கைக்குப் போனது.

ரிவர்ஸ்டன் பக்கம் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் சவர்க்காரமும் டெற்றோலும் பூசுகிறோம். பூசிய காலோடு சிறு ஓடைகளிலும் பாறைக் கசிவுகளிலும் இறங்கினால் அது நேராகத் தவளையின் தோலுக்குப் போகும். கல்லில் ஒட்டியிருக்கும் தவளையைப் படம் எடுப்பதற்காகக் கையால் பிடிக்காதீர்கள். நமது கையிலுள்ள நுளம்பு விரட்டியும் கிறீமும் அதற்கு மருந்தல்ல. கற்களைப் புரட்டி அடுக்கிக் கோபுரம் கட்டும் புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. புரட்டிய கல்லின் அடிதான் நனோப்பிரிஸின் வீடு. அருவியில் ஷாம்பூ போட்டுக் குளிப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தேரையைக் கண்டால் உப்பை அள்ளி வீசும் பழக்கம் எங்கள் லயங்களில் இருந்தது, இன்னும் இருக்கிறது. உள்ளீடற்ற தேங்காயைத் ‘தேரை மோந்தது’ என்போம். பிள்ளை மெலிந்தாலும் தேரை மேல்தான் பழி. தூரத்திலிருந்தே சத்தை உறிஞ்சும் சக்தி அதற்கு இருப்பதாக நம்பிக்கை. என் அப்பாயியும் அப்படித்தான் நம்பினார். தேரை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் தண்ணீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக் கிடக்கும் உப்பை, தன் வயிற்றுத் தோலால். அமெரிக்கப் பாலைவனத் தேரைகள் அந்தத் தோலால் உப்பின் அளவை உணர்ந்து, கூடிய உப்புள்ள ஈரத்திலிருந்து எழுந்து விலகுவதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தோலில் கைப்பிடி கறியுப்பு விழுந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் வெளியே இழுபடும். சிறிய தவளை செத்துப்போகும். வீட்டுக்குள் வந்த தேரையை வெளியேற்ற ஈர்க்குமாறும் ஒரு சிரட்டையும் போதும்.

டாங்கி கழுவுவதற்கும் பெரிய திட்டம் வேண்டியதில்லை. கலக்கிய மருந்தில் மிச்சம் வராதபடி அளந்து கலக்கலாம். அலசிய தண்ணீரை ஓடையில் ஊற்றாமல் மருந்தடித்த அதே மலையில் மீண்டும் தெளித்துவிடலாம். ஓடையின் இரு பக்கமும் சில அடி அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடலாம். தோட்ட நிர்வாகங்களுக்கு இது செலவில்லாத வேலை. பீலித் தண்ணீரைக் குடிக்கும் குடும்பங்களுக்கு அது எந்த ஓடையிலிருந்து வருகிறது, அந்த ஓடையின் மேற்பக்கம் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே அறிவிப்பது அந்த நிர்வாகங்களின் கடமை. தோட்டக் கமிட்டிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் மேசையில் வைக்கலாம். மழைக்காலம் தொடங்கி வாற்பேத்தைகள் கால் முளைக்கும் வாரங்களில் ஓடைக்கரைகளில் மருந்தை நிறுத்தி வைத்தால், பூவிலிருந்து தோலுக்கு மாறும் அந்தச் சில நாட்களையாவது அவை கடந்துவிடும்.